அறைகளுக்கு நடுவே முளைக்கும் புல்

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை பக்கமோ சாத்தூர் பக்கமோ போகும் சாலையில் ஒரு பட்டாசு ஆலையை வெளியிலிருந்து பார்த்தால், இடத்தை இப்படி வீணடித்திருக்கிறார்களே என்றுதான் முதலில் தோன்றும். சின்னச் சின்ன அறைகள். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே வெறும் தரை. அந்த வெறும் தரைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. வெடிப்பின் அழுத்தம் தூரம் கூடக் கூட வேகமாகத் தளர்ந்துவிடும். மருந்தின் அளவை எட்டு மடங்காக்கினால், அதே பாதுகாப்புக்குத் தூரத்தை எட்டு மடங்கு கூட்ட வேண்டியதில்லை, இரண்டு மடங்கு போதும். மருந்தின் கனமூலத்துக்கு ஏற்பத் தூரம் மாறும் என்ற இந்த விதியை வைத்துத்தான் உலகெங்கும் வெடிமருந்துக் கூடங்களின் இடைவெளிகள் வகுக்கப்படுகின்றன. 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் அதன்கீழ் வந்த 2008ஆம் ஆண்டு விதிகளும் அறைக்கு இத்தனை ஆள், இவ்வளவு மருந்து, இவ்வளவு இடைவெளி என்று கட்டுப்படுத்துவதன் நோக்கம் ஒன்றே: ஓர் அறை போனாலும் அடுத்த அறை நிற்க வேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் குறைந்தது 38 பேரைப் பலிகொண்ட விபத்துக்குப் பிறகு, அறைக்கு அறை தீ தாவுவது எவ்வளவு கொடியது என்பதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கணக்கு அழுத்தத்துக்குப் போட்ட கணக்கு. ஐப்பசி மழை பெய்ததும் அந்த வெறும் தரையில் புல் முளைக்கிறது. கோரையும் கொழுக்கட்டைப் புல்லும் நெருஞ்சியும் பார்த்தீனியமுமாக மார்கழி வரை பச்சையாக நின்று, மாசி பங்குனியில் முறுகக் காய்ந்துவிடும். அப்போது இடைவெளி என்று சட்டம் வைத்தது திரியாக மாறிவிடுகிறது. அழுத்தம் தூரத்தில் தளரும். தீக்கு வழிநெடுகத் தீனி கிடைத்தால் அது தளர்வதே இல்லை. உரிம நிபந்தனைகள் காய்ந்த புல்லையும் புதரையும் அகற்றி வைக்கச் சொல்வது இதனால்தான். எப்படி அகற்றுவது, எந்தக் கருவியால் என்பதில்தான் கேள்வி தொடங்குகிறது. கூலி ஆள் கிடைப்பது அரிதாகிவரும் காலத்தில், புல்லை வெட்டத் தானே ஊர்ந்து திரியும் ரோபோ வாங்கலாமா, ஆள் உட்கார்ந்து ஓட்டும் பெரிய புல்வெட்டி வாங்கலாமா என்று ஓர் ஆலை உரிமையாளர் யோசித்தால் அதைக் கேலி செய்ய முடியாது. இயந்திரமா கையா என்ற கேள்வி தீப்பெட்டிக் காலத்திலிருந்தே சிவகாசிக்குப் பழக்கமானது.

இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில் எட்வின் பட்டிங் 1830இல் காப்புரிமை பெற்ற முதல் புல்வெட்டி, கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீவும் ஆலை இயந்திரத்தைப் பார்த்துச் செய்தது. ரோபோ புல்வெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒன்று சுவீடனின் ஹஸ்க்வார்னா. 1995இல் சூரிய ஒளியில் ஓடும் ஒன்றை வெளியிட்டது. அந்த நிறுவனம் 1689இல் துப்பாக்கி செய்யும் பட்டறையாகத் தொடங்கியது என்பது, வெடிமருந்தைப் பற்றிய இந்த அத்தியாயத்தில் சொல்லத் தகுந்த ஒரு வேடிக்கை. பொதுவாக இந்த இரண்டில் எதை வாங்குவது என்பதைப் பரப்பளவும் விலையும் முடிவு செய்கின்றன. கால் ஏக்கர், அரை ஏக்கர் என்றால் ரோபோ. பல ஏக்கர் என்றால் உட்கார்ந்து ஓட்டுவது. பட்டாசு ஆலைக்கு இந்த அளவுகோல் உதவாது. இங்கே முதலில் கேட்க வேண்டியது, கத்தி ஒரு கல்லில் மோதினால் எவ்வளவு ஆற்றல் வெளிப்படும் என்பதைத்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உட்கார்ந்து ஓட்டும் இயந்திரத்தின் கத்தி அரை மீட்டர் நீளமும் எண்ணூறு கிராம் எடையும் கொண்ட எஃகுப் பட்டை என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கப் பாதுகாப்புத் தரம் கத்தி முனையின் வேகத்துக்கு வினாடிக்குச் சுமார் 96 மீட்டர் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. 90 மீட்டரில் ஓடுகிறது என்று கொண்டால், சுழலும் அந்தப் பட்டையில் ஏறத்தாழ ஆயிரம் ஜூல் ஆற்றல் குடிகொண்டிருக்கும். ரோபோவின் கத்தி சவர பிளேடைவிடக் கொஞ்சம் தடித்தது, சில கிராம் எடைதான். வட்டத் தட்டில் தளர்வாகத் திருகப்பட்டிருப்பதால் கல்லில் பட்டவுடன் மடங்கி உள்ளே போய்விடும். மூன்று கிராம், வினாடிக்கு முப்பது மீட்டர் என்றால் ஒன்றரை ஜூல்கூடத் தேறாது. இரண்டுக்கும் நடுவே எண்ணூறு மடங்கு வித்தியாசம். எஃகு கல்லில் உரசும்போது பறப்பது கல்லின் துகளன்று, எஃகிலிருந்து சுரண்டப்பட்ட துணுக்கு. புதிதாகப் பிளந்த இரும்பு காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து பறக்கும்போதே எரிகிறது. அந்தக் காலத்துச் சிக்கிமுக்கிக் கல்லின் வேலையும் இதேதான். மோதும் ஆற்றல் பெரிதானால் துணுக்கு பெரிதாகும். பெரிய துணுக்கு புல்லில் விழுந்த பிறகும் சூடாறாமல் கிடக்கும். கலிபோர்னியாவின் தீயணைப்புத் துறை, புல்வெட்டி என்பது பச்சைப் புல்தரைக்குச் செய்த பொருள், காய்ந்த களைக்கு அன்று; வெட்டுவதானால் காலை பத்து மணிக்குள் வெட்டுங்கள், காற்றடித்தால் அதுவும் வேண்டாம் என்று எச்சரித்து வருகிறது. அந்த மாநிலத்தில் 2018 ஜூலையில் ஒரு வண்டியின் சக்கரம் வெடித்து, வெறும் வளையம் சாலையில் உரசிக் கிளம்பிய பொறியில் தொடங்கிய கார் தீ என்ற காட்டுத்தீ இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. அங்கே ரெட்டிங் ஊர்ப்புறத்துக் காய்ந்த புல்லுக்கு நடந்தது இங்கே கோபாலன்பட்டிப் புல்லுக்கு நடக்காது என்று சொல்ல இயற்பியலில் எந்த இடமும் இல்லை.

பெரிய இயந்திரத்தில் பொறி ஒரு பக்கம், சூடு ஒரு பக்கம். பெட்ரோல் எஞ்சினின் புகைக்குழாய் சில நூறு டிகிரிக்குச் சூடேறும். வெட்டிய புல்தூள் அதன்மேலும் அடித்தட்டிலும் படிந்து கருகத் தொடங்கும். கந்தகம் சுமார் 232 டிகிரியிலேயே தானாகத் தீப்பற்றும். புகைக்குழாயில் பொறித்தடுப்பு வலை மாட்டலாமே என்றால், வலை தடுப்பது குழாயிலிருந்து வரும் பொறியை. கத்திக்கு அடியில் கிளம்புவதை அது கண்டுகொள்ளாது. அத்தோடு அறைகளைச் சுற்றியுள்ள மண் வெறும் மண்ணாக இருக்கும் என்று எந்த ஆலையிலும் உறுதி சொல்ல முடியாது. காய வைக்கும் மேடையிலிருந்து காற்றில் பறந்த அலுமினியத் தூள், கூட்டித் தள்ளிய கழிவு மருந்து, மழையில் கரைந்து மீண்டும் காய்ந்த வெடியுப்பு எல்லாம் அங்கே கலந்திருக்கலாம். குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்ப்பதை இந்திய அரசு 1992இல் தடை செய்ததற்குக் காரணம், அந்தக் கலவை உரசலுக்கே வெடிக்கும் என்பது. விதியை மீறி மரத்தடியில் கலக்கிறவர்கள் இருக்கும்வரை, எந்தத் தரையில் என்ன கிடக்கிறது என்பது எந்திரம் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. ஆயிரம் ஜூல் சுழலும் பட்டையை அப்படிப்பட்ட தரைக்குச் சற்று மேலே ஓட்டுவதை எந்தக் கூலிக் கணக்கும் நியாயப்படுத்தாது.

அப்படியானால் ரோபோவா? அதன் கொள்கை எனக்குப் பிடித்திருக்கிறது. குறைந்த ஆற்றலில், கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி வெட்டுவது. புல் காயும் அளவுக்கு வளர விடாமலேயே வைத்திருப்பது. எஞ்சின் கிடையாது, பெட்ரோல் கிடையாது, ஆளும் வேண்டாம்; தப்பித்தவறி ஏதாவது நடந்தாலும் சேதம் இயந்திரத்தோடு போகும். பல ரோபோக்கள் திட்டமிட்ட வரிசையில் போவதில்லை, எல்லையில் முட்டித் திரும்பித் தோன்றிய திசையில் நடக்கும். இதிலும் ஓர் அழகான கணக்கு உண்டு. தரையின் முழுப் பரப்புக்குச் சமமான அளவு அது நடந்து முடித்தபோது, போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போயிருக்கும் என்பதால் நூற்றுக்கு 37 பங்கு வெட்டப்படாமல் மிஞ்சும். மூன்று மடங்கு நடந்தால் மிச்சம் வெறும் 5 பங்கு. தினமும் நடக்கும் இயந்திரத்துக்கு இது ஒரு குறையே இல்லை.

கொள்கைதான் நல்லது, உடம்பு இந்த ஊருக்கு ஒத்துவராது. ரோபோ புல்தரைக்குப் பிறந்தது: நீர் பாய்ச்சி, சமப்படுத்தி, நாலு விரல் உயரத்துக்குள் அடங்கிய புல்லுக்கு. விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் சொச்சம் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். கரிசல் மண்ணின் களித்துகள்கள் தண்ணீரை உள்ளிழுத்துப் பருப்பவை, உலர்ந்தால் சுருங்குபவை. மழைக்காலத்தில் அந்த மண் செருப்பில் ஏறி அடைஅடையாக அப்பிக்கொள்வதைப் போல ரோபோவின் சக்கரப் பற்களிலும் அப்பும். கொஞ்ச தூரத்தில் சக்கரம் வழுவழுப்பான உருண்டையாகி நின்ற இடத்திலேயே சுற்றும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விழும். முன்சக்கரம் அதில் இறங்கினால் அன்றைய வேலை முடிந்தது. புல் வளர்கிற மூன்று மாதம் இயந்திரத்தால் நடக்க முடியாது, அது நடக்கக்கூடிய மாதங்களில் வெட்டப் பச்சைப்புல் இருக்காது. செவல் நிலத்தில் சேறு அவ்வளவு ஒட்டாது, ஆனால் சரளைக்கல் கிடக்கும். கரிசலில் உள்ள சுக்கான் கல் எஃகைவிட மென்மையானது, பொறி அவ்வளவாகத் தராது. செவலின் சரளையில் இருக்கும் குவார்ட்ஸ் எஃகைச் சுரண்டும் அளவுக்குக் கடினமானது. சேறு இல்லாத இடத்தில் கல், கல் பயம் இல்லாத இடத்தில் சேறு என்பதுதான் இந்த மாவட்டத்து நிலவரம்.

இன்னொன்றும் உண்டு. ரோபோவுக்கு எல்லை காட்ட, மெல்லிய கம்பி ஒன்றைத் தரையில் வளையமாகப் புதைப்பார்கள். பக்கத்தில் இடி விழுந்தால் அந்த நீண்ட வளையத்தில் மின்னழுத்தம் தூண்டப்படும். இடிமழை வரும் அறிகுறி தெரிந்தால் இணைப்பைக் கழற்றிவிடுங்கள் என்று தயாரிப்பாளர்களே கையேட்டில் எழுதுகிறார்கள். மின்னல் தாக்கி அறைகள் வெடித்த செய்திகளைப் படித்துப் பழகிய ஊரில், இடிதாங்கி நட்டு மின்னலை மண்ணுக்கு அனுப்பப் பாடுபடும் ஆலையில், நாமே ஒரு கம்பி வளையத்தை அறைகளைச் சுற்றிப் புதைப்பது விபரீதம். செயற்கைக்கோளைப் பார்த்து வழி கண்டுபிடிக்கும் புதிய வகைகளுக்குக் கம்பி வேண்டாம் என்பது சரியான பதில். ஆனால் அவற்றுக்கும் தீப்பிடிக்கக்கூடிய லித்தியம் மின்கலம் உண்டு. சார்ஜ் ஏற்றும் நிலையத்தை வாசலுக்கு வெளியே, அலுவலகத்துப் பக்கம் வைக்கலாம். மின்கலத்தை வெளியே வைத்துவிட்டு இயந்திரத்தை மட்டும் உள்ளே அனுப்ப முடியாது.

இரண்டு இயந்திரங்களுக்கும் பொதுவான குறை ஒன்றைப் புல்தரைக்காரர்கள் கவனிப்பதில்லை, அவர்களுக்கு அது குறையுமல்ல. வெட்டுவது வேறு, அகற்றுவது வேறு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1986இல் வடக்குப் பிரதேசத்தின் அன்னபுரூவில் நூற்றுக்கு மேற்பட்ட சோதனைத் தீக்களை மூட்டி அளந்தார்கள். வெட்டிய புல்லிலும் தீ ஓடியது. வேகம் ஓரளவுதான் குறைந்தது. எவ்வளவு புல் கிடந்தது என்பதைவிடக் காற்றும் புல்லின் ஈரமும்தான் வேகத்தைத் தீர்மானித்தன. ரோபோ தன் நறுக்கலை அங்கேயே உதிர்த்துவிட்டுப் போகும். புல்தரையில் அது உரம், இங்கே அது எரிபொருள். பெரிய இயந்திரம் பின்னால் பை மாட்டிச் சேகரிக்கும், ஆனால் படுத்துவிட்ட காய்ந்த களையை முழுக்க வாரிக்கொள்ளாது. ஈரத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். காய்ந்த புல்லின் ஈரம் ஏறத்தாழ 15 முதல் 25 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால், புல்லின் வகையைப் பொறுத்து, தீ பரவத் திணறும். மெல்லிய தாள் என்பதால் காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்ப ஒரு மணி நேரத்துக்குள் மாறிவிடும். காலை ஆறு மணிக்குப் பனியில் பிடிக்காத அதே புல், பதினொரு மணிக்குப் பிடிக்கும். அதிகாலையில் வெட்டிவிட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்: வெட்டும் நேரத்தில் தீ பிடிக்காமல் இருக்கலாம், வெட்டிப் போட்டது மத்தியானமும் அங்கேதான் கிடக்கும்.

களைக்கொல்லி அடிக்கலாம் என்பது அடிக்கடி வரும் யோசனை. மருந்தடித்த புல் மறைவதில்லை, நின்றவாக்கில் சாகிறது. மாசி மாதத்தில் காய வேண்டியதைக் கார்த்திகையிலேயே காய வைத்துக் கொடுப்பதுதான் நடக்கும். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் சோடியம் குளோரேட்டையே களைக்கொல்லியாகத் தெளித்தார்கள். அது ஊறிக் காய்ந்த செடி தீப்பொறி பட்டால் சீறி எரியும் என்பதால் பெரும் பொல்லாப்பு விளைந்திருக்கிறது. பட்டாசு ஊரில் அதை நினைத்தும் பார்க்கக் கூடாது. ஆட்டுக் கிடை? வேலிக்கு வெளியே, மழைக்குப் பின் வரும் பச்சைக்கு, ஆட்டைவிட நல்ல புல்வெட்டி கிடையாது. வேலிக்கு உள்ளே பேரியம் உப்பு கலந்த மண்ணில் மேய விட்டால் ஆட்டுக்கு ஆபத்து, அறைக்குள் கால் வைத்துவிட்டால் ஆளுக்கும் ஆபத்து.

கையால் வெட்டுவதில் மட்டும் பொறி வராதா என்பது நேர்மையான கேள்வி. வரும். ஒன்றரைக் கிலோ மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் ஐம்பது ஜூல் அளவு ஆற்றல் கல்லில் இறங்கும், ரோபோவின் கத்தியைவிடப் பல மடங்கு. பித்தளை, மரக் கருவிகளை அறைக்குள் கட்டாயமாக்கிவிட்டு, வெளியே எஃகு மண்வெட்டியைக் காய்ந்த செவலில் போடச் சொல்வது முரண்தான். எனவே கை நல்லது, இயந்திரம் கெட்டது என்பதல்ல என் வாதம். எந்தக் கருவியும் காய்ந்த தரையில் ஆபத்து, ஈரத் தரையில் ஏறக்குறைய எதுவுமே ஆபத்தில்லை. நனைந்த கரிசலில் கருவியே தேவைப்படாது. கோரை தவிர மற்றதெல்லாம் பிடித்து இழுத்தால் வேரோடு வந்துவிடும். வேர் போனால் மறுதளிர்ப்பும் குறையும். இயந்திரத்தை முடக்கும் அதே சேறு, கைக்கு உதவி செய்கிறது.

எனவே கேள்வியை எந்த இயந்திரம் என்பதிலிருந்து எந்த வாரம் என்பதற்கு நகர்த்த வேண்டும். இந்தத் தொழிலின் ஆண்டும் வானத்தின் ஆண்டும் ஓர் இடத்தில் பொருந்துகின்றன. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் ஆலைகள் மும்முரமாக ஓடும். தீபாவளி முடிந்ததும் அறைகள் காலியாகி, சில வாரங்கள் பூட்டிக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் புல்லை முளைக்க வைக்கிறது. அறையில் மருந்து இல்லை, தரையில் ஈரம் இருக்கிறது, புல் பச்சையாக நிற்கிறது, வேலையாட்களும் ஊரில் இருக்கிறார்கள். அந்த இடைவேளையின் கடைசி வாரத்தில் ஒரு முறை பிடுங்கி, வாரி, வளாகத்துக்கு வெளியே கொண்டுபோய் மக்க வைத்து, தைப் பொங்கலுக்கு முன் மறுமுளைப்பை இன்னொரு முறை எடுத்துவிட்டால் பங்குனி வெயிலுக்கு எரிய ஒன்றும் மிச்சமிருக்காது. இதற்கு ஒரு மறுப்பு உண்டு: தீபாவளி நகரும். 2025இல் அக்டோபர் 20 அன்றே வந்துவிட்டது; 2026இல் நவம்பர் 8. சீக்கிரம் வரும் ஆண்டுகளில் ஆலை மறுபடி திறந்த பிறகுதான் புல் முழுசாக எழும். அந்த ஆண்டுகளில் திறப்பைச் சில நாள் தள்ளிப்போடுவது அல்லது பகுதி பகுதியாக அறைகளைக் காலி செய்துவிட்டு எடுப்பது என்று போர்மேன் திட்டமிட வேண்டியிருக்கும். இழப்புதான், ஆனால் ஒரு புதிய இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் பெரிதாக இராது.

ஆள் கிடைக்காது என்ற மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. மூன்று நான்கு ஏக்கர் வளாகத்தைக் கையால் எடுக்க ஆள் பலம் வேண்டும், அந்த வாரங்களில் வயலிலும் களையெடுப்பு நடக்கும். முழுப் பரப்பையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டியதில்லை என்பதே இதற்கு விடை. அறைகளைச் சுற்றியும் காய வைக்கும் மேடைகளைச் சுற்றியும் உள்ள வட்டம் கைக்கு உரியது. அதில் எதையும் முளைக்கவிடாமல் வைப்பதே குறி. வேலியோரப் பட்டையிலும் வாசல் பாதையிலும் மின்கலத்தில் ஓடும் நைலான் நரம்பு வெட்டியைப் பயன்படுத்தலாம். இரண்டு கிராம் நரம்பு வினாடிக்கு நூறு மீட்டரில் சுற்றினாலும் பத்து ஜூல்தான் வரும், நைலானில் எஃகுப் பொறிக்கு வழியே இல்லை. அதே நைலான் உரசலில் நிலைமின்சாரத்தைத் தேக்கும். நைலான் சட்டை போட்டவரை அறைக்குள் விடாமல், பருத்தி உடுத்தி, செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு வரச் சொல்லும் காரணம் இங்கேயும் பொருந்தும். ஆகவே அதுவும் வேலியோரத்தோடு நின்றுகொள்ள வேண்டும்.

உட்கார்ந்து ஓட்டும் இயந்திரத்துக்கு இந்த மாவட்டத்தில் இடமே இல்லையா என்றால், கல்லூரி விளையாட்டுத் திடலில் உண்டு. ரோபோவுக்கும் ஏதாவது அரசு அலுவலகத் தோட்டத்தில் உண்டு, தண்ணீர் இருந்தால். ஆலைக்குப் பெரிய கவலை வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பக்கத்துத் தரிசில் சீமைக் கருவேலம் அடர்ந்து, அதை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்கள். மூட்டத்தின் வாய் திறந்து காற்று மேற்கிலிருந்து அடித்தால் தீ காய்ந்த புல் வழியாக வேலி வரை வர அதிக நேரம் ஆகாது. ஆலையின் உரிம நிபந்தனை அடுத்தவர் பட்டா நிலத்தைக் கட்டுப்படுத்தாது. அங்கே கார்த்திகையில் ஒரு ஆட்டுக் கிடையை அமர்த்தக் கீதாரிக்குக் கொடுக்கும் கூலியை ஆலையின் பாதுகாப்புச் செலவில் எழுதலாம்.